கடையிலும் குடோனிலும் ஆபத்தை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?



2021ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில் நம் சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்தது. அருகிலிருந்த பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் வெடித்தன. அன்று இரவுக்குள்ளேயே ஐந்து பேர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு அந்த எண்ணிக்கை கூடியது. பண்டிகைச் சாமான் வாங்க வந்தவர்களும், கடையில் வேலை பார்த்தவர்களும் நிறைந்திருக்கும் வேளை அது. மாவட்டம் முழுவதும் அந்த வருடத் தீபாவளி எப்படிக் கழிந்தது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும்.

குற்றம் யாருடையது என்பது இக்கட்டுரையின் விஷயம் அன்று. அதை விசாரிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பேக்கரி நடத்துகிறவருக்கு சிலிண்டர் இல்லாமல் முடியாது. தீபாவளி மாதத்தில் பட்டாசு விற்பதும் காலங்காலமாக நடக்கும் வியாபாரம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நாம் தினமும் பார்க்கிற தொழில்கள். அடுத்தடுத்து அமைந்தபோதுதான் ஒன்றின் தீ இன்னொன்றுக்குப் போனது. நம் கடைகளில் பெரும்பாலான ஆபத்துகள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு பொருளையோ ஒரு வேலையையோ மட்டும் பார்த்தால் ஆபத்து தெரிவதில்லை. இரண்டு பொருள் சேரும் இடத்தில், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் நேரத்தில் அது ஒளிந்திருக்கிறது.

பெரிய ஆலைகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வேலை ஆபத்து ஆய்வு என்று பெயர். பெயரைக் கேட்டு இது இன்ஜினீயர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்த எவரும் செய்யலாம். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் வேலையை முதலிலிருந்து கடைசி வரை படிப்படியாக எழுத வேண்டும். இரண்டாம் பத்தியில் ஒவ்வொரு படியிலும் எது தவறிப்போகலாம், போனால் யாருக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். மூன்றாம் பத்தியில் அதற்கு என்ன மாற்று என்று எழுத வேண்டும். முறை அவ்வளவுதான். ஆனால் உண்மையாக எழுதுவது அவ்வளவு சுலபமன்று.

லாரியிலிருந்து அரிசி இறக்குதல்

நமக்கு நன்றாகத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குவோம். ‘லோடு இறக்குவது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எழுத உட்கார்ந்தால் அது குறைந்தது எட்டு வேலை. லாரி பின்பக்கமாகக் குடோன் வாசலுக்கு வருவது, சக்கரத்துக்கு அடைக்கட்டை வைப்பது, தார்ப்பாயையும் கயிற்றையும் அவிழ்ப்பது, பின் கதவைத் திறப்பது, பலகை போடுவது, மூட்டையை முதுகில் ஏற்றுவது, நடந்து உள்ளே போவது, அட்டி போடுவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆபத்து உண்டு.

லாரி பின்னால் வரும்போது ‘வா வா’ என்று கை காட்டுகிறவர் லாரிக்கும் சுவருக்கும் நடுவே நிற்பதை நம் ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். டிரைவருக்கு அவர் கண்ணாடியில் தெரியவே மாட்டார். அவர் நிற்க வேண்டிய இடம் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும் ஓரம். கயிறு அவிழ்க்கும்போது, பயணத்தில் சரிந்து கதவில் சாய்ந்திருக்கும் மூட்டைகள் கதவு திறந்த மாத்திரத்தில் மேலே விழும். ஆகவே கதவைத் திறக்கிறவர் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கொக்கியைத் தட்ட வேண்டும். பலகை என்றால் நம் கடைகளில் எங்கோ கிடந்த பழைய சென்ட்ரிங் பலகைதான். மழைக்காலத்தில் அதன்மேல் தவிடும் தண்ணீரும் சேர்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். அதில் குறுக்கே ரீப்பர் அடிக்கவும் நுனியில் இரும்புக் கொக்கி வைக்கவும் ஆசாரிக்கு ஒரு மணி நேர வேலை.

சுமையின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் இளமைக்காலத்தில் 100 கிலோ மூட்டை சர்வசாதாரணம். அதை ஒற்றை ஆளாகத் தூக்கி மாடிப்படி ஏறுபவரைப் பெருமையாகப் பேசுவோம். அப்படித் தூக்கியவர்கள் ஐம்பது வயதில் குனிய முடியாமல் திண்ணையில் உட்கார்ந்ததையும் பார்த்தோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே வயது வந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை செய்தது. இன்று அரிசி, சர்க்கரை, சிமெண்ட் எல்லாம் 50 கிலோவிலோ அதற்குக் கீழோ வருகின்றன. ஆனால் மலையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வரும் புளி, மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு ஆகியவை இன்றும் கண்ணளவில் கட்டிய பெரிய சாக்குகளில் வருகின்றன. வாங்குகிற நாம் சொன்னால் சிறு சாக்கில் கட்டித் தருவார்கள். சாக்கு விலை கொஞ்சம் கூடும், உண்மைதான்.

அட்டி போடுவதில் இரண்டே விஷயம். மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடுக்க வேண்டும். சுவரிலிருந்து ஆள் நடக்கும் அளவுக்கு, சுமார் இரண்டரை அடி, இடைவெளி விட வேண்டும். சரிந்து விழும் அட்டிகள் பெரும்பாலும் போடும்போது விழுவதில்லை, எடுக்கும்போதுதான் விழுகின்றன. காரணம், வாடிக்கையாளர் கேட்ட பிராண்டு அடியில் இருக்கும். அவசரத்தில் அடியிலிருந்து ஒரு மூட்டையை உருவுவார்கள். அதனால் இதற்கு மாற்று ‘உருவாதே’ என்று அதட்டுவதில் இல்லை. ஒரு அட்டியில் ஒரே சரக்கு என்று பிரித்துப் போட்டால் உருவ வேண்டிய தேவையே வராது.

இதுதான் மூன்றாம் பத்தி எழுதும் ரகசியம். நம்மில் பலர் அந்தப் பத்தி முழுவதும் ‘கவனமாக இருக்கவும்’ என்று எழுதிவிடுவோம். ‘பார்த்துச் செய்யப்பா’ என்று சொல்வது செலவில்லாத வேலை, பலனும் அவ்வளவுதான். முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளையோ முறையையோ கொண்டுவர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, கைப்பிடி, இடைவெளி. அதற்கும் பிறகுதான் விதியும் எச்சரிக்கைப் பலகையும். கையுறை, தலைக்கவசம், முகமூடி எல்லாம் கடைசி. நாமோ கடைசியிலிருந்து தொடங்கி, முகமூடி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

வண்டு மாத்திரை

இப்போது சொல்லப்போவதை உறுப்பினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். பருப்பு, அரிசி, மக்காச்சோளத்தில் வண்டு விழாமல் இருக்க நாம் வைக்கும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பின் என்ற விஷவாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் வாயுவை விடும். அந்த வாயு வண்டைக் கொல்வதுபோலவே மனிதரையும் கொல்லும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. மருத்துவர்கள் மூச்சையும் இதயத்தையும் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும்.

பூண்டு வாடை அல்லது அழுகிய மீன் வாடை வந்தால் வாயு இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. இது மிகத் தவறு. வாடை தெரியாத நிலையிலும் ஆபத்தான அளவு இருக்கக்கூடும். இந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. மூடிய குடோனின் தாழ்ந்த மூலைகளிலும், கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். பக்கத்து அறையில் யார் படுத்திருக்கிறார்கள்? இரவுக் காவலாளியா, லோடு ஏற்ற வந்து தங்கிய டிரைவரா, மாடியில் முதலாளி குடும்பமா? தாளின் இரண்டாம் பத்தியில் இந்தக் கேள்வியைத்தான் எழுத வேண்டும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பூச்சிமருந்து வைக்கும் தொழிலைச் செய்கிறவர்கள் வைத்த மருந்துதான் அது.

மாத்திரையின் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈரக்கையால் தொடக் கூடாது. பலவற்றைக் குவியலாக ஓரிடத்தில் கொட்டினால் சூடேறித் தானே தீப்பற்றவும் வழியுண்டு. இன்னொரு விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. பாஸ்பின் செம்பை அரிக்கும். வருடக்கணக்கில் மாத்திரை வைக்கும் குடோனில் ஸ்விட்ச், ஒயர் முனை, தராசின் எலக்ட்ரானிக் பாகம் எல்லாம் கறுத்துக் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு அந்த ஸ்விட்சில் பொறி பறக்கிறது, கரண்ட் ஆபீசைக் குறை சொல்கிறோம்.

சட்டப்படி இந்த மருந்தை அரசு சார்ந்தவர்களும், அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு நிபுணர்களுமே பயன்படுத்த வேண்டும். 10, 20 மாத்திரைகள் அடங்கிய குழாய்ப் பாக்கெட்டுகள் 2001ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டன. ஆகவே மளிகை அலமாரியில் வைத்து ஒன்றிரண்டாகச் சில்லறைக்கு விற்பதை இன்றே நிறுத்த வேண்டும். உரிமம் உள்ளவரை அழைத்து, தார்ப்பாய் மூடிய அட்டிக்கு மட்டும் மருந்து வைக்கச் சொல்லி, ஐந்து முதல் ஏழு நாள் வரை அவர் சொல்லும்படி பூட்டி வைக்க வேண்டும். வாசலில் தேதி எழுதிய பலகை தொங்க வேண்டும். திறக்கும் நாளில் கதவு ஜன்னல்களை வெளியிலிருந்தே திறந்துவிட்டு, அவர் கருவியால் அளந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். சாம்பல் நிறத்தில் எஞ்சும் பொடியையும் அவரே எடுத்துப்போக வேண்டும். குப்பையோடு பெருக்கித் தள்ளும் சரக்கல்ல அது.

மாத்திரைச் செலவைக் குறைக்கவும் வழி உண்டு. சரக்கை நன்றாகக் காயவைத்து வாங்குவது, பழைய சாக்கைத் தனியே வைப்பது, தரையில் கட்டை போட்டு அடுக்குவது, முதலில் வந்ததை முதலில் விற்பது. நம் பாட்டனார் காலத்து முறைகள்தான்.

ஒன்றின் பக்கத்தில் ஒன்று

பட்டாசுக்கு வருவோம். தற்காலிகக் கடைகளுக்கு 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தெளிவாக இருக்கின்றன. கொட்டகை எரியாத பொருளால் கட்டப்பட வேண்டும். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்பு போன்ற பாதுகாக்க வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் அந்த எல்லைக்குள் கூடாது. ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இதைப் படிப்பவர்கள் ஒவ்வொரு விதியும் எதற்காக வந்தது என்று யோசித்தால் போதும். எல்லாமே ஒரு கடையின் தீ அடுத்த கடைக்குப் போகாமல் இருக்க வைத்தவை. மளிகைக் கடையின் ஒரு மூலையில், எண்ணெய் டின்னுக்கும் கற்பூரப் பெட்டிக்கும் நடுவே ‘கொஞ்சம் பட்டாசு மட்டும்’ வைப்பது இந்த விதிகளின் அர்த்தத்துக்கே நேர் விரோதம்.

கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதையும் நினைவில் கொள்க. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து அடுத்த கடையின் ஷட்டருக்கு அடியில் நுழையும். அங்கே ஒருவர் காலையில் வந்து லைட் ஸ்விட்ச் போடுவார். சிலிண்டர் வைத்திருக்கும் டீக்கடை, பேக்கரி, ஓட்டல் நம் கடைக்குப் பக்கத்தில் இருந்தால், நாம் போட்ட தாளைப் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒருமுறை படிக்க வேண்டும். ‘அண்ணே, உங்க சிலிண்டர் எந்தப் பக்கம் இருக்கு?’ என்று கேட்பதில் சண்டை ஒன்றும் வராது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும் ஒரு குடோன்தான். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் அம்மோனியம் நைட்ரேட் 2,750 டன் அங்கே வருடக்கணக்கில் கிடந்தது. அதே குடோனில் பட்டாசும் இருந்தது. 200 பேருக்கு மேல் இறந்தனர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தனர். அங்கே வெடித்தது சர்க்கரைத் தூசி. மாவும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் மூட்டையில் இருக்கும்வரை சாது. மூடிய அறையில் காற்றில் பறக்கும் தூசியாகும்போது தீப்பொறி பட்டால் வெடிமருந்து. மரவள்ளி மாவும் அப்படித்தான். அரவை வைத்திருக்கும் உறுப்பினர்கள் உத்தரத்தின் மேல் படிந்த மாவையும் வாரம் ஒருமுறை துடைத்தெடுக்க வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தட்டில் வைக்கும் பழக்கம் நம் சில்லறைக் கடைகளில் அதிகம். பாட்டில் உடைந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். இரண்டுக்கும் தனி அலமாரி, ஆசிட்டுக்குக் கீழ்த்தட்டு. தவிர, ஆசிட் விற்பனைக்கு 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் பெயர், முகவரி, காரணம் எழுதிய பதிவேடு வேண்டும், 18 வயதுக்குக் கீழ் இருந்தால் விற்கக் கூடாது. லேபிள் இல்லாத கேனில் எந்தத் திரவத்தையும் வாங்கவோ ஊற்றி விற்கவோ வேண்டாம். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியிலேயே மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போகும் வண்டி

கல்வராயன் மலைக்குச் சரக்கு அனுப்பும் உறுப்பினர்கள் கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை ஏறும் பாதையைத் தனி வேலையாகவே எழுத வேண்டும். இறங்கும்போது டீசல் மிச்சம் என்று வண்டியை நியூட்ரலில் விடுவது கொலைக்குச் சமம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஏறும்போது அரிசி, உப்பு, எண்ணெய் என்று தாழ்வான கனமான சுமை இருக்கும். இறங்கும்போது கடுக்காயோ புளியோ உயரமாகக் கட்டிய லேசான சுமை இருக்கும். வளைவில் சாயும் தன்மை இரண்டுக்கும் வேறு வேறு. டிரைவரிடம் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மூட்டைமேல் ஆள் ஏற்றுவது இன்னொன்று. மலையிலிருந்து சந்தைக்கு வரும் மக்களுக்கு வேறு வண்டி கிடைக்காத நேரத்தில் டிரைவர் இரக்கப்பட்டு ஏற்றுகிறார். நாமும் கண்டுகொள்வதில்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து மலைப்பாதையில் கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச்சென்ற சரக்கு வண்டி கவிழ்ந்து பத்துப் பேருக்கும் மேல் மாண்டார்கள். வண்டி நம்முடையதாக இருந்தால் பொறுப்பும் நம்முடையது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். மழை நாளில் இருட்டும் முன் கீழே இறங்கிவிடும்படி புறப்படும் நேரத்தை நிர்ணயிப்பது நம் கையில் இருக்கிறது. கடையில் லோடு ஏற்றத் தாமதம் செய்துவிட்டு, ‘சீக்கிரம் வந்துடு தம்பி’ என்று சொன்னால் அவர் எப்படி வருவார்?

யார் எழுதுவது?

முதலாளி தனியாக உட்கார்ந்து எழுதினால் தாள் அழகாக இருக்கும், உண்மை இருக்காது. லோடுமேன் மேஸ்திரியையும், கணக்குப்பிள்ளையையும், புதிதாகச் சேர்ந்த பையனையும் கூட்டி வைத்து எழுத வேண்டும். புதுப் பையன் ஏன் என்றால், நமக்குப் பழகிப்போனது அவர் கண்ணுக்கு மட்டுமே விநோதமாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இப்படிக் கூட்டியபோது மேஸ்திரி நெடுநேரம் பேசவில்லையாம். கடைசியில், ‘முதலாளி, இரண்டாவது குடோன் மெயின் ஸ்விட்ச் ஆறு மாசமா ஷாக் அடிக்குது, நாங்க குச்சியாலதான் போடறோம்’ என்றாராம். அன்று மாலையே எலக்ட்ரீஷியன் வந்து எர்த் சரிசெய்து, கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஈ.எல்.சி.பி.யும் மாட்டினார். ஆறு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்து, அந்த வியாபாரி கேட்காமல் விட்டாராம். அது சரியான காரியம் என்று எனக்குப் படுகிறது. கேட்டிருந்தால் அடுத்த முறை மேஸ்திரி வாய் திறந்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெய்ன்ரிக் என்பவர் 1931இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் தப்பிய 300 சம்பவங்களும் இருக்கின்றன என்றார். அந்தக் கணக்கு சரிதானா என்று பின்னால் வந்தவர்கள் தகராறு செய்கிறார்கள். கணக்கை விடுங்கள். மூட்டை சரிந்து யார் மேலும் விழாமல் போனால் நாம் ‘சாமி காப்பாத்திச்சு’ என்று சொல்லி மறந்துவிடுகிறோம். அதைக் கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், மூன்று மாதத்தில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று கடன் பாக்கியைப்போலத் தெரிந்துவிடும்.

வேலையில் அடிபட்டவருக்கு ஈட்டுத்தொகை தரும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது என்பது 1923ஆம் ஆண்டு முதலே நம் நாட்டுச் சட்டம். தினக்கூலி, எழுத்தில் கணக்கில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சுமைதூக்கும் தொழிலாளர் நலவாரியத்தில் அவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லாவிட்டால் பதிய உதவுங்கள்.

கடைசியாகத் தீ இன்சூரன்ஸ் பாலிசியை இந்த வாரம் எடுத்துப் பார்க்கவும். அதில் சரக்கு என்ற இடத்தில் ‘மளிகை’ என்று மட்டும் எழுதியிருந்து, உள்ளே தீபாவளிக்குப் பட்டாசும், வண்டு மாத்திரையும், பெயிண்ட் தின்னரும் வைத்திருந்தால், நஷ்டம் கேட்கும்போது தகராறு நிச்சயம். தீயணைப்புக் கருவியின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, அதில் எழுதிய தேதி தாண்டிவிட்டதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம். எண்ணெயிலோ கரண்டிலோ பிடித்த தீக்குத் தண்ணீர் ஆகாது. பவுடர் கருவியோ மணல் வாளியோ வேண்டும். அந்த வாளி இப்போது பல கடைகளில் வெற்றிலை எச்சில் துப்பும் இடமாக இருக்கிறது. மணலை மாற்றி நிரப்ப ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும்.